தண்ணீர் கேட்காத பசுமை

புதிதாகக் கட்டி முடித்த எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் விளம்பரத்தைப் பார்த்தாலும் அதில் ஒரு பச்சைப் புல்தரை இருக்கும். அரசு அலுவலக வளாகம், மருத்துவமனை முகப்பு, கல்லூரி வாசல், மேம்பாலத்தின் அடிப்பகுதி, நெடுஞ்சாலையின் நடுத்தடுப்பு என்று வெற்றுத்தரை எங்கே தென்பட்டாலும் அங்கே புல் பாய் விரிப்பதுதான் 'அழகுபடுத்தும் பணி' என்றாகிவிட்டது. வெயில் காலத்தில் சில நாள் தண்ணீர் இல்லாவிட்டால் அந்தப் பாய் வெளுத்துப் பழுத்துவிடும். அதைக் காப்பாற்ற ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் ஓடுகிறது. அது வற்றினால் தண்ணீர் லாரி வருகிறது. அடுத்த தெருவில் குடங்கள் வரிசையில் காத்திருக்கின்றன.

தண்ணீர் ஊற்றினால்தான் பசுமை என்ற எண்ணத்தை நாம் கைவிட வேண்டும். நம் தெருவோரத்திலும் வயல் வரப்பிலும் கடற்கரை மணலிலும், யாரும் ஊற்றாமல், கோடையைத் தாண்டி உயிரோடு நிற்கும் தரைப்படர் செடிகள் எத்தனையோ உண்டு. வீட்டு முற்றத்துக்கும் பொது இடங்களுக்கும் செடி தேர்ந்தெடுப்பவர்கள் அவற்றிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

புல்தரை குடிக்கும் தண்ணீர்

கணக்கு எளிமையானது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். தமிழகத்தின் கோடை வெயிலில் புல்தரை பச்சையாக இருக்க நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணீர் தேவைப்படும். 1,000 சதுர அடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அப்படியானால் அந்தச் சிறிய புல்தரைக்கு மட்டும் தினமும் 460 லிட்டருக்கு மேல் வேண்டும். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதே குடிநீர் வழங்கலுக்கான தேசிய அளவுகோல். மூன்று பேருக்கும் மேற்பட்டவர்களின் ஒரு நாள் பங்கு அந்தப் புல்லுக்குப் போகிறது. மாதக் கணக்கில் பார்த்தால் சுமார் 14,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்று போதாது.

2019 கோடையை நினைத்துப் பாருங்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு வெடித்தன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அவ்வளவு பெரிய ஏற்பாடு செய்து, அவ்வளவு தூரம் கொண்டுவந்த ஒரு ரயில் தண்ணீர், மேலே சொன்ன அளவில் ஐயாயிரத்துச் சொச்சம் புல்தரைகளுக்கு ஒரே நாளில் தீர்ந்துவிடும். பருவமழை பெய்து ஏரிகள் நிரம்பியதும் இந்தக் கணக்கை நாம் மறந்துவிட்டோம்.

புல்தரைக்குச் சுத்திகரித்த கழிவுநீரைத்தானே ஊற்றுகிறோம் என்று பெரிய குடியிருப்புகளில் சொல்வார்கள். குடிநீரை ஊற்றுவதைவிட அது மேல்தான். ஆனால் அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கவும் ஏற்றி இறக்கவும் மின்சாரம் செலவாகிறது. அதே நீரைக் கழிப்பறைத் தொட்டிகளுக்கும் மரங்களுக்கும் திருப்பினால் நல்ல தண்ணீரின் தேவை குறையும். வெயிலில் ஆவியாகிப் போவதற்காக அதைப் புல்லின் மேல் தெளிப்பது வீண்செலவே.

பாலைவனச் செடியும் தீர்வல்ல

தண்ணீர்ச் சிக்கனத்துக்காகப் புல்லை அகற்றுவது உலகம் அறியாத யோசனை அல்ல. வறண்ட நிலத்துக்கேற்ற தோட்டம் என்ற கருத்தை அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர் வாரியம் 1981-லேயே பெயர் சூட்டிப் பரப்பியது. லாஸ் வேகாஸ் பகுதியில் புல்தரையை எடுத்துவிடும் வீட்டுக்காரருக்குக் குடிநீர் வாரியமே பணம் தருகிறது. நெவாடா மாநிலம் 2021-ல் ஒரு சட்டம் இயற்றியது. யாரும் விளையாடாத, யாரும் உட்காராத, பார்வைக்கு மட்டுமே வளர்க்கும் பொது இடப் புல்தரைகளுக்கு, 2027 தொடங்கி கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது என்பது அதன் சாரம்.

அந்த முடிவு நமக்குப் பாடம். அவர்கள் நடும் செடி நமக்குப் பாடமாகாது. லாஸ் வேகாஸில் ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டர். சென்னையில் சுமார் 1,400. கோவையில் அதில் பாதி அளவுக்குத்தான் பெய்யும் என்றாலும் அதுவும் பாலைவனம் அல்ல. நமது சிக்கல் மழையின் அளவைவிட அது வரும் காலத்தில் இருக்கிறது. சென்னையின் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஜனவரியிலிருந்து மே வரை மண் காய்கிறது. ஐப்பசியில் கணுக்கால் அளவு தேங்கும் தண்ணீரையும் சித்திரையில் கல்லாய் இறுகும் மண்ணையும் ஒரே செடி தாங்கியாக வேண்டும்.

'தண்ணீரே வேண்டாம்' என்று சொல்லி விற்கும் கள்ளி வகைகளும் சதைப்பற்றான வெளிநாட்டுச் செடிகளும் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகின்றன. கோடையைத் தாண்டிவிடும்; கார்த்திகை மழையில் வேர் அழுகிச் சாயும். குளிர்ந்த மலைநாடுகளின் தோட்டப் புத்தகங்கள் பரிந்துரைக்கும் தரைச்செடிகளோ சித்திரையையே பார்ப்பதில்லை. வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே ஆண்டில் பார்த்துப் பழகியவை இந்த மண்ணின் செடிகள்தாம்.

தெருவோரத்தில் இருக்கும் பட்டியல்

வெயில் அடிக்கும் முற்றத்துக்கு முதல் தேர்வு பொடுதலை. தலைப்பொடுகுக்குத் தைலம் காய்ச்சுவார்களே, அதே செடிதான். ஏரிக்கரையிலும் வரப்பிலும் தரையோடு தரையாகப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு சாண் உயரத்தைத் தாண்டாது. வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த சின்னஞ்சிறு பூக்கள் பூக்கும். தண்ணீர் தேங்கினாலும் அழுகாது, காய்ந்தாலும் சாகாது. இந்தச் செடியின் தேர்ந்த வகை ஒன்றை ஜப்பானில் உருவாக்கி, 'குராப்பியா' என்ற வணிகப் பெயரில் கலிபோர்னியாவில் புல்லுக்கு மாற்றாக விற்கிறார்கள். வறட்சியில் வாடும் அமெரிக்க மாநிலம் காசு கொடுத்து வாங்கி நடுவதன் சொந்தக்காரச் செடியை நாம் களை என்று பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் கொரியன் புல்லைப் பதிக்கிறோம்.

ஆட்கள் நடமாடும் இடத்துக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் அருகம்புல் போதும். மிதிபட்டாலும் துளிர்க்கும். மண்ணுக்கு அடியில் ஓடும் கிழங்குத்தண்டில் உயிரை வைத்துக்கொண்டு, மேலே காய்ந்து பழுப்பாகிவிடும். ஒரு மழை விழுந்தால் ஒரு வாரத்தில் பச்சை திரும்பும். அந்தப் பழுப்பைச் சாவு என்று எண்ணித் தண்ணீர் ஊற்ற ஓடுவதுதான் நம் தவறு. அது செடியின் ஓய்வுக்காலம்.

செம்மண்ணும் சரளையும் கலந்த வறண்ட நிலத்துக்கு விஷ்ணுகிராந்தி, செப்பு நெருஞ்சி, கொழிஞ்சி. விஷ்ணுகிராந்தியின் நீலப்பூ சிறியது. ஆனால் காலையில் நிலமெங்கும் பூத்திருக்கும்போது அத்தனை அழகு. நர்சரித் தொட்டிகளில் விற்கும் பெரிய நீலப்பூச் செடி, பிரேசிலிலிருந்து வந்த அதன் உறவுக்காரச் செடி. செப்பு நெருஞ்சி தரையோடு ஒட்டிப் படர்ந்து செந்நிறப் பூக்களைப் பூக்கும். அதுவும் கொழிஞ்சியும் பயறு இனத்தவை என்பதால் காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்த்து மண்ணுக்கே தருகின்றன. கொழிஞ்சியைப் பசுந்தாள் உரமாக மடக்கி உழுத விவசாயிகளுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. அது முழங்கால் உயரம் வளரும் என்பதால் நடைபாதையை விட்டுத் தள்ளி, சரிவுகளிலும் வேலியோரத்திலும் விதைக்கலாம்.

மூக்கிரட்டை தடித்த வேரில் சத்தையும் ஈரத்தையும் சேர்த்துவைக்கும். மேலே கருகினாலும் மழைக்குத் தழைக்கும். பருப்புக்கீரை இலையிலேயே தண்ணீரைத் தேக்கிவைக்கிறது. மண் காயும்போது அது பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் காற்றை உள்ளிழுக்கும் முறைக்கு மாறிவிடும். அதனால் நீரிழப்பு வெகுவாகக் குறைகிறது. இரண்டுமே கீரை. முற்றத்தை மூடும் செடி அடுப்பங்கரைக்கும் உதவும்.

கடற்கரையை ஒட்டிய வீடுகளுக்கு அடப்பங்கொடியைவிடப் பொருத்தமான செடி இல்லை. சங்கப் பாடல்களில் அடும்பு என்று வரும் நெய்தல் நிலத்துக் கொடி இதுவே. உப்புக்காற்றிலும் கொதிக்கும் மணலிலும் பல அடி நீளத்துக்கு ஓடி, மணலைப் பிடித்து நிறுத்தி, ஊதாப் பூக்களைப் பூக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளும் பங்களாக்களும் இந்தக் கொடியை வெட்டி எறிந்துவிட்டு, மணலின் மேல் லாரி லாரியாகச் செம்மண் கொட்டிப் புல் வளர்க்கின்றன. மணல்மேட்டைக் காக்கும் கொடியை அழித்துவிட்டுக் கடல் அரிப்புக்கு யாரைக் குறை சொல்வது?

மரநிழலில் எதுவும் வளரவில்லை என்று பலர் வருந்துவார்கள். வேம்பு, புங்கன் அடியில் விழும் சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் அப்படியே விட்டாலே தரை மூடப்பட்டுவிடும். செடிதான் வேண்டும் என்றால் மருள், பிரண்டை, நிலவேம்பு ஆகியவை வறண்ட நிழலைத் தாங்கும்.

பட்டியலில் இல்லாத ஊருக்கு ஒரு சோதனை சொல்கிறேன். மே மாதத்தில் உங்கள் தெருவிலும், காலி மனையிலும், ரயில் பாதை ஓரத்திலும் எந்தச் செடி உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். அதே செடி நவம்பரிலும் அங்கே இருந்தால் அதுவே உங்கள் தரைக்கு உரியது. கரிசலுக்கு ஒன்று, களிமண்ணுக்கு ஒன்று, சரளைக்கு ஒன்று என்று விடை மாறும். சோதனை மாறாது.

வாழும் செடியெல்லாம் வேண்டிய செடி அல்ல

தாக்குப்பிடிப்பது மட்டுமே தகுதியாகிவிடக் கூடாது. நெருஞ்சி எந்த வறட்சியையும் தாங்கும். அதன் முள்காய் பிள்ளைகளின் காலைக் கிழிக்கும். பார்த்தீனியம் ஊற்றாமலே வளரும். தோலரிப்பும் மூச்சுத்திணறலும் தரும். அதைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும்.

நர்சரிக்காரர்கள் பரிந்துரைக்கும் சில செடிகளில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. மஞ்சள் பூப்பூக்கும் வெடெலியா சீக்கிரம் படரும், விலை குறைவு என்பதால் சாலையோரங்களிலும் வளாகங்களிலும் நடப்படுகிறது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த இந்தக் கொடி, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இருக்கிறது. வேலியழகுக்கு வந்து காடுகளை விழுங்கிய உண்ணிச்செடியும் அதே பட்டியலில் உண்டு. வறட்சியைத் தாங்கும், விறகாகும் என்று நாம் வரவேற்ற சீமைக் கருவேலம் கண்மாய்களை என்ன செய்தது என்று ராமநாதபுரத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஊடுருவல் செடிகளை அகற்ற 2022-ல் தமிழக அரசு ஒரு கொள்கையே வகுத்தது. ஒரு கையால் அகற்றிக்கொண்டு மறு கையால் இன்னொன்றை நடுவது முறையாகுமா?

நடும் காலமும் முறையும்

ஊற்றாமல் வளரும் செடியும் வேர் பிடிக்கும் வரை ஈரம் கேட்கும். அந்த ஈரத்தை மழையிடமிருந்தே வாங்கிக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பிய மாவட்டங்களில் புரட்டாசி இறுதியும் ஐப்பசித் தொடக்கமும் நடவுக்கு உகந்தவை. தை மாதத்துக்குள் வேர் இறங்கிவிட்டால் பிறகு அது தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். முதல் ஆண்டில் மழை பொய்த்தால் மட்டும் உயிர்த்தண்ணீர் கொடுக்கலாம். திறப்பு விழாத் தேதிக்காகப் பங்குனியில் நட்டுவிட்டு லாரித் தண்ணீர் ஊற்றுவதுதான் பொதுப்பணிகளில் அதிகம் நடக்கும் தவறு.

புதுக்கட்டடத்தைச் சுற்றியுள்ள மண்ணில் ஜல்லியும் சிமென்ட் கலவையும் புதைந்திருக்கும். லாரிச் சக்கரம் ஏறி இறுகிப்போயிருக்கும். கழிவைப் பொறுக்கி, ஒரு அடி ஆழத்துக்குக் கொத்திவிட வேண்டும். கோரையின் கிழங்கை இப்போதே தோண்டி எடுக்காவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது. வெளியூர்க் குன்றைக் கரைத்துக் கொண்டுவரும் செம்மண் லோடு தேவையில்லை; உரமும் தேவையில்லை. பொடுதலையின் ஒரு சாண் நீளத் தண்டுகளை ஒரு அடி இடைவெளியில், இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி நட்டு, இடையில் சருகு பரப்பினால் போதும். முதல் ஆண்டில் மாதம் ஒருமுறை களை எடுத்தால் அடுத்த ஆண்டு தரை தானே மூடிக்கொள்ளும். அதன்பின் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெட்டிவிடுவதோடு பராமரிப்பு முடிந்தது.

ஒரே செடியை முழுக்கப் பரப்பாமல் மூன்று நான்கைக் கலந்து நடுவது நல்லது. ஒன்று ஓய்ந்திருக்கும்போது இன்னொன்று பச்சை காட்டும். பூச்சி ஒன்றைத் தாக்கினாலும் மற்றவை நிற்கும். செடிக்காகக் கடற்கரையிலோ காட்டிலோ வேரோடு தோண்டக் கூடாது. தண்டுகளும் விதைகளுமே போதும்.

அச்சமும் விடையும்

'செடி மண்டினால் பாம்பு வரும்' என்பது நியாயமான பயம். ஆனால் ஒரு சாண் உயரச் செடியில் பாம்பு ஒளிந்துகொள்ள இடம் குறைவு; முட்டளவு புதரிலும் கட்டடக் குப்பையிலும்தான் அது அதிகம் தங்கும். சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்குக் கூழாங்கல் பரப்பிவிட்டால் அந்தப் பயமும் குறையும். கொசு வளர்வது தேங்கிய தண்ணீரில். தினமும் தண்ணீர் தெளிக்கும் தோட்டத்தில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம். பொடுதலைப் பூவுக்குத் தேனீ வரும் என்பது உண்மை. வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடும் இடத்தில் அருகையும் மற்ற இடத்தில் பொடுதலையையும் வைத்துக்கொள்ளலாம்.

பயமும் சோம்பலும் சேர்ந்து இன்று பலரைப் பேவர் பிளாக் பக்கம் தள்ளுகின்றன. முற்றம் முழுக்கக் கல் பதித்தால் மழைநீர் மண்ணுக்குள் போகாமல் தெருவுக்கு ஓடும். பகலில் ஏறிய சூடு இரவிலும் வீட்டை வாட்டும். பிளாஸ்டிக் புல்லும் அப்படியே கொதிக்கும். சில ஆண்டுகளில் நைந்து நுண்துகளாக மண்ணில் கலக்கும். 2003-ல் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. கூரைநீரைக் குழாய் போட்டு மண்ணுக்குள் இறக்கிவிட்டு, முற்றத்து நீரைச் சாக்கடைக்கு அனுப்புவதில் பொருளில்லை. செடி மூடிய தரை மழைத்துளியின் அடியைத் தாங்கி மண் இறுகாமல் காக்கிறது. வேர் போன வழியில் நீர் கீழே இறங்குகிறது. வெயிலில் புழுதி பறப்பதில்லை.

அரசு செய்ய வேண்டியவை

33 விழுக்காடு பசுமைப் பரப்பை இலக்காகக் கொண்டு 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. மரம் நடும் இந்த முனைப்பு பாராட்டத்தக்கது. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள வெற்றுத்தரையைப் பற்றியும் இனிப் பேச வேண்டும். நல்ல முன்மாதிரிகள் நம்மிடமே உண்டு. 1968-ல் மண்ணரித்துக் கிடந்த செம்மேட்டில் தொடங்கிய ஆரோவில், கரை கட்டி மழையை நிறுத்தி, மண்ணை மூடி, இந்த மண்ணுக்குரிய காட்டை மீட்டுக்காட்டியது. அடையாறு முகத்துவாரத்தில் குப்பைமேடாகிக் கிடந்த 58 ஏக்கரில் உள்நாட்டுச் செடிகளைக் கொண்டே தொல்காப்பியப் பூங்கா உருவானது.

இந்த அனுபவம் ஒப்பந்தப்புள்ளிகளில் எழுத்தாக வேண்டும். பொதுப்பணி, நெடுஞ்சாலை, நகராட்சிப் பணிகளில் தோட்டம் அமைப்போர், இரண்டு பருவமழைக்குப் பிறகு தண்ணீர் ஊற்றாமல் நிற்கும் செடிகளையே நட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். தொகையில் ஒரு பகுதியை இரண்டாவது கோடை முடிந்த பிறகே விடுவிக்கலாம். தோட்டக்கலைத் துறைப் பண்ணைகள் பொடுதலையையும் விஷ்ணுகிராந்தியையும் நாற்றாக்கி விற்கத் தொடங்கினால் தனியார் நர்சரிகளும் பின்தொடரும். பெரிய மனைப்பிரிவுகள் பூங்காவுக்கென ஒதுக்கித் தரும் திறந்தவெளி நிலங்களை இதற்கான மாதிரித் தோட்டங்களாக்கலாம்.

வீட்டுக்காரர்களும் குடியிருப்புச் சங்கத்தினரும் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வளாகத்துப் புல்தரையில் யாரும் கால் வைக்காத பகுதி எது என்று இந்த வாரமே பாருங்கள். அந்தப் பகுதிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். வரும் ஐப்பசியில் அங்கே பொடுதலையை நடுங்கள். ஆண்டு முழுவதும் ஒரே பச்சை வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட்டுவிட்டால், மீதிச் செலவை மழை பார்த்துக்கொள்ளும்.